ஃபெர்ரியில் ஏறியது எத்தனை பேர்? எரிமலைத் தீவுகளின் நாட்டைத் துரத்தும் கேள்வி!

பயணிகள் பட்டியலில் இருந்தது 280 பேர். கடலில் இருந்து மீட்கப்பட்டதோ 560-க்கும் மேற்பட்டோர்!

2025 ஜூலை 20-ம் தேதி, இந்தோனேசியாவின் தலாவுத் தீவுகளில் இருந்து மனாடோ நகருக்குச் சென்ற 'கேஎம் பார்சிலோனா 5' ஃபெர்ரி நடுக்கடலில் தீப்பிடித்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் கடலில் குதித்தார்கள். உள்ளூர் மீனவர்களும் மீட்புப் படையினரும் ஓடி வந்ததால் பெரும்பாலானோர் பிழைத்தனர். குறைந்தது 3 பேர் உயிரிழந்தனர். ஆனா, பட்டியலில் பேரே இல்லாத அத்தனை பேர் எப்படி ஏறினார்கள்?

ஃபெர்ரியை விட்டால் வேறு வழி இல்லையா?

இந்தோனேசியாவில் 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. சுமார் 130 எரிமலைகள் இன்னும் உயிர்ப்போடு இருக்கின்றன. நமக்கு டவுன் பஸ் எப்படியோ, அங்கே ஃபெர்ரி அப்படி. ஜாவாவுக்கும் பாலிக்கும் இடையில் கடல் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் பாலம் கிடையாது. காய்கறி லாரி, டூவீலர், சுற்றுலா பஸ் என எல்லாமே ஃபெர்ரியில்தான் போக வேண்டும்.

விமானம் இருக்கே என்று கேட்கலாம். எரிமலை சாம்பல் என்ஜினுக்குள் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும், என்ஜினே நின்றுபோகலாம். அதனால் எரிமலை சீறினால் விமானங்கள் ரத்தாகும். 2017 நவம்பரில் அகுங் எரிமலை சீறியபோது பாலி விமான நிலையம் இரண்டு நாட்களுக்கும் மேல் மூடப்பட்டது. அப்போது பயணிகள் பஸ்ஸில் ஏறி, ஃபெர்ரியில் கடலைக் கடந்து, ஜாவாவின் சுரபாயா வரை போய் விமானம் பிடித்தார்கள்.

அதே பாதையில் நடந்த விபத்து

2025 ஜூலை 2-ம் தேதி இரவு, அதே ஜாவா - பாலி பாதையில் 'கேஎம்பி துனு பிரதமா ஜெயா' ஃபெர்ரி மூழ்கியது. கேதாபாங் துறைமுகத்தில் இருந்து கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பட்டியல்படி 53 பயணிகள், 12 ஊழியர்கள், 22 வாகனங்கள். உயிரோடு மீட்கப்பட்டது 30 பேர்.

ஐந்தே நாளில், ஜூலை 7-ம் தேதி, புளோரஸ் தீவில் லெவோடோபி லகி-லகி எரிமலை வெடித்து 18 கிலோமீட்டர் உயரத்துக்கு சாம்பலைக் கக்கியது. பாலி விமானங்கள் பல ரத்து. கடலில் தேடுதல் வேட்டை நடந்துகொண்டிருந்தபோதே, வான்வழியும் கைவிட்டது.

பட்டியல் ஏன் இவ்வளவு முக்கியம்?

விபத்து நடந்ததும் மீட்புக் குழு கேட்கும் முதல் கேள்வி, 'மொத்தம் எத்தனை பேர்?' என்பதுதான். எத்தனை படகு, எத்தனை நாள் தேடல் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்தே முடிவாகும். 65 பேரில் 30 பேர் கிடைத்தால் இன்னும் 35 பேரைத் தேட வேண்டும் என்று தெரியும். அந்த 65 என்ற எண்ணே தப்பாக இருந்தால்? எப்போது தேடலை நிறுத்துவது என்றே தெரியாது.

இதற்கு வேதனையான உதாரணம், 2018 ஜூன் மாதம் தோபா ஏரியில் மூழ்கிய 'சினார் பாங்குன்' படகு. பழங்கால மாபெரும் எரிமலை வெடிப்பில் உருவான ஏரி அது. படகில் முறையான பயணிகள் பட்டியலே இல்லை. உறவினர்கள் கரைக்கு வந்து பெயர் கொடுக்கக் கொடுக்கத்தான் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அது 160-ஐத் தாண்டியது. படகு கிடந்ததோ சுமார் 450 மீட்டர் ஆழத்தில். உடல்களை மீட்க முடியாமலே ஜூலையில் தேடல் நிறுத்தப்பட்டது.

சிக்கல் எங்கே?

கடைசி நேரத்தில் ஓடி வந்து ஏறுபவர்கள், டிக்கெட் எடுக்காத கைக்குழந்தைகள், வாகனத்துக்குள் இருக்கும் கூடுதல் ஆட்கள் என இவர்கள் பெயர் எளிதில் விடுபட்டுவிடும். பட்டியல் கேட்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. ஏறும் இடத்தில் தலையை எண்ணிப் பார்த்து, கணக்கு சரியில்லை என்றால் கப்பலைக் கிளம்ப விடாமல் நிறுத்தும் கண்டிப்புதான் பல துறைமுகங்களில் இல்லை.

அங்கே போகும் பயணிகள் செய்யக்கூடியது என்ன? குழந்தை உட்பட எல்லோர் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். பயணத்தின்போது வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்காமல் மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். எரிமலை எப்போது வெடிக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு ஃபெர்ரியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையாவது சொல்ல முடிய வேண்டும் இல்லையா?