எழுந்து உட்கார்ந்துவிட்டால் பிழைத்தார் என்று அர்த்தமில்லை!

தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

செம்பனைக் குலை தலையில் விழுகிறது. அல்லது விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது. கொஞ்ச நேரம் மயக்கம். பிறகு ஆள் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லேண்ணே, ரெண்டு பனடோல் போட்டா சரியாப் போயிடும்" என்கிறார். நாமும் வீட்டில் படுக்க வைத்துவிடுகிறோம். உயிரோடு விளையாடும் பழக்கம் இது; இன்றோடு விட வேண்டும்.

மண்டையோட்டின் அடித்தளத்தில் எலும்பு வெடித்தால் வெளிக்காயம் தெரியாமலே இருக்கலாம். காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போல் வடிவது, கண்களைச் சுற்றிக் கறுத்துப்போவது, காதுக்குப் பின்னால் நீலம் பாய்வது ஆகியவை அதன் அடையாளங்கள். நீலம் பாய்வது ஓரிரு நாள் கழித்தும் தெரியலாம். காதில் பஞ்சை அடைக்காதீர்கள். மூக்கைச் சிந்த விடாதீர்கள். கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து 999-க்கு அழையுங்கள்.

ஏன் இந்த அவசரம்? மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அந்த எலும்பின் வழியாகத்தான் ஏறுகிறது. எலும்பு வெடிக்கும்போது குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து மூளையில் போய் அடைத்தால் பக்கவாதம்தான். நேற்று நன்றாகப் பேசியவருக்கு இன்று வாய் கோணி, கை விழுந்துவிடும். ஆகவே, "ரத்தக்குழாயையும் ஸ்கேன்ல பார்த்தாச்சுங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. ரத்தம் உறையாமலிருக்க மருந்து தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாமாக ஆஸ்பிரின் கொடுத்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு கூடலாம்.

இன்னொன்று. "ஆறு மாசமாச்சு, இனி அவ்வளவுதான்" என்று கைவிடாதீர்கள். முதல் சில மாதங்களில் தேறுதல் வேகமாக இருக்கும். அதன் பிறகு மெதுவாக, ஓரிரு வருடங்கள்கூடத் தொடரும். கை கால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் விடாமல் நடக்கட்டும். மறதியும் சுள்ளென்று வரும் கோபமும் காயத்தின் வேலையாக இருக்கலாம். மனுஷன் கெட்டுப்போய்விட்டார் என்று நினைக்காதீர்கள், தாய்மார்களே.

1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலையிட விபத்துக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. நிர்வாகம் உடனே புகார் கொடுத்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். மருத்துவச் சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

குலை போனால் அடுத்த குலை காய்க்கும். தலை போனால்?