புத்தாண்டும் பழைய நோட்டும்



முஹர்ரம் முதல் இரவில், கடந்த ஆண்டின் வரவையும் இழப்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். 1414 முஹர்ரத்தில் தொடங்கினேன். அது 1993 ஜூன் திங்கள். நம் ஆண்டு பிறையைப் பின்பற்றுவதால் சூரிய ஆண்டைவிடப் பத்து, பதினொரு நாள் குறைவு. ஆகவே அது கோடை, மாரி, பனி என்று எல்லாப் பருவங்களிலும் உலவி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கிறது. இம்முறை முஹர்ரம் மீண்டும் ஜூனில், 2026 ஜூனில் பிறந்தது. மதுராந்தகத்தில் அன்று அடித்த அதே வெயில். கழனிகளில் அதே சொர்ணவாரிப் பயிர். அது அறுவடையானதும் சம்பாவுக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டும். பிறை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறதே என்ற நினைவில் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

அப்பக்கத்தைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர் ஏரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மழைக்காலம் நெருங்கும்போது ஏரிக்கரையில் நடந்து பார்ப்பது ஆயக்கட்டுக்காரர்களின் பழைய பழக்கம். என் தந்தையார் என்னைக் கைபிடித்து அழைத்துச் சென்றிருக்கிறார்கள். கரை எத்தனை உயரம் என்று எவரும் பார்க்கமாட்டார்கள். எங்கே எலி வளை, எங்கே நண்டு வளை, மதகின் அருகே மண் இளகியிருக்கிறதா என்றே பார்ப்பார்கள்.

இந்த ஏரியைப் பற்றிய கதை ஒன்று ஊரில் எல்லா மதத்தவரும் அறிந்தது. 1790களில் இங்கே கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயர், பெருமழையில் கரை உடையப்போகிறது என்று அஞ்சி நின்ற இரவில் அது உடையாமல் காக்கப்பட்டது என்பது ஊர் வழக்கு. ஏரிகாத்த இராமர் கோயிலில் அவர் பெயர் கல்வெட்டிலும் இருக்கிறது. அவர் அவ்வளவு அஞ்சியதற்குக் காரணம், அதற்கு முன் கரை உடைந்திருந்ததுதான் என்பதும் அதே கதையின் பகுதி. காக்கப்பட்ட இரவை ஊர் மறக்கவில்லை. உடைந்த ஆண்டுகளில் பயிரையும் மாட்டையும் இழந்தவர்கள் யார் என்று இன்று சொல்ல ஆளில்லை. கணக்கெழுதுவதில் ஊருக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு இல்லை போலும்.

நம் ஆண்டுக் கணக்கின் தொடக்கமோ வேறு விதமானது. பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், தமக்கு வரும் கடிதங்களில் தேதி இல்லாததால் எது முந்தியது, எது பிந்தியது என்று விளங்கவில்லை என எழுதியதைத் தொடர்ந்து, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். ஹிஜ்ரத்திற்குப் பின் பதினேழாம் ஆண்டு அது. பெருமானார் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து கணக்கிடலாம் என்றார் ஒருவர். நபித்துவம் கிடைத்ததிலிருந்து என்றார் மற்றொருவர். பத்ரும் மக்கா வெற்றியும் அவர்கள் கண்முன் நிகழ்ந்தவை. எனினும் அவர்கள் தேர்ந்தது, பிறந்த மண்ணையும் வீடு வாசலையும் விட்டு வெளியேறிய ஆண்டை. வெளிப்பார்வைக்கு அது இழப்பின் ஆண்டு.

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கையையும் எண்ணிப் பாருங்கள். உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையைத் தோழர்களால் தாங்க முடியவில்லை. உமர் (ரலி) அவர்களே வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். திரும்பும் வழியிலேயே இறங்கிய அல்ஃபத்ஹ் அத்தியாயமோ அதை வெற்றி என்றது. அன்று பேசிய பேச்சுக்காகப் பல காலம் நோன்பு நோற்றும் தர்மம் செய்தும் வந்ததாகப் பின்னாளில் உமர் (ரலி) அவர்களே கூறியிருக்கிறார்கள். அவ்வளவு பெரியவர்களுக்கே வெற்றி எது, தோல்வி எது என்று அன்று விளங்கவில்லையெனில், நான் இடும் தலைப்புகள் எம்மாத்திரம்?

முதல் பக்கத்தில் இரண்டு தலைப்புகள் இட்டிருந்தேன். 'கைநழுவியவை' என்பதன் கீழ், இரண்டு மூட்டை விதைநெல் பாழானதும் சந்தையில் சைக்கிள் களவு போனதும் இருந்தன. 'அல்லாஹ் தந்தவை' என்பதன் கீழ் முதல் வரி: தந்தையாரின் நிலம் சிதறாமல் காக்கப்பட்டது.

அதன் பொருள் இதுதான். 1992இல் தந்தையார் மறைந்தபோது ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை இருந்தது. தாயார் முன்னரே காலமாகிவிட்டார்கள். வாரிசுகள் நானும் என் தங்கையும் மட்டுமே. அந்நிஸா அத்தியாயத்தின் பங்குப்படி எனக்கு இரண்டு ஏக்கர், அவளுக்கு ஒன்று. இதற்குப் பெரிய ஆலிம் எவரையும் கேட்க வேண்டியதில்லை. நாட்டுச் சட்டத்திலும் தடையில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணத்தில் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இவ்வளவும் இருக்க, 'உனக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று. நிலத்தில் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும்' என்று உறவினர் ஒருவரைக் கொண்டு சொல்லச் செய்து, அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அவள் பத்திரத்தைப் படிக்கவில்லை. பேனாவைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அதைத்தான் அல்லாஹ் தந்தவற்றில் முதலாவதாக எழுதியிருக்கிறேன்.

அன்றிரவு நோட்டு முழுவதையும் படித்தேன். 2009ஆம் ஆண்டுப் பக்கத்தில், 'ஒரு ஏக்கரை விற்று மகள் திருமணம் கடனின்றி முடிந்தது, அல்ஹம்து லில்லாஹ்' என்றிருந்தது. கடனின்றியாம்! தங்கையின் கணவர் நோயுற்றிருந்த இரண்டு ஆண்டுகளில் அவளுக்கு அனுப்பிய தொகைகளை ஒன்றுவிடாமல் எழுதி, 'தர்மம்' என்று தலைப்பிட்டிருந்தேன். அவளுடைய ஏக்கரின் ஒரு போக விளைச்சலுக்குக்கூட அத்தொகை ஈடாகாது.

மறுவாரம் வந்தவாசிக்குச் சென்றேன். தங்கைக்கு இப்போது அறுபது வயது. தேநீர் தந்தாள். கிணற்றடி வேப்பமரம் இருக்கிறதா என்று கேட்டாள். வந்த செய்தியைச் சொன்னேன்.

"இத்தனை வருடம் கழித்து அதெல்லாம் எதற்கு அண்ணே?" என்றாள். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று கையெழுத்துப் போடமாட்டேன் என்றிருந்தால், அந்தப் பெருநாளைக்கு என்னை அழைக்க வந்திருப்பீர்களா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. மெய்யும் வரவில்லை. அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. நிலத்தை ஏற்றுக்கொள்வதாக மட்டும் சொன்னாள். தன் மகளுக்கும் அதில் உரிய பங்கு போய்ச் சேர வேண்டும் என்றாள்.

வீட்டில் மூத்த மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீதமிருப்பது இரண்டே ஏக்கர், அதிலும் ஒன்று போனால் என்ன மிஞ்சும் என்று தன் தாயிடம் கேட்டிருக்கிறான். அவன் மீது எனக்கு வருத்தமில்லை. நிலம் சிதறக்கூடாது என்று அவனுக்குக் கற்பித்தவன் நான்தான். முப்பத்து மூன்று ஆண்டு விளைச்சலுக்கு என்ன செய்வது என்பதையும் அவனுடன் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னும் துணிவு வரவில்லை.

சென்ற வாரம் பத்திரம் எழுதுபவரிடம் போனேன். பாகப்பிரிவினையாக எழுதுங்கள் என்றேன். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டதால் அவ்வாறு எழுத இயலாது, தான செட்டில்மெண்ட் என்றுதான் எழுத வேண்டும் என்றார். அவளுடைய சொத்தை அவளுக்கே நான் தானம் செய்வதாகவா என்று கேட்டேன். "காகிதத்தில் அப்படித்தான் ஐயா வரும்" என்றார்.

காகிதத்தில் அப்படியே வரட்டும் என்று ஒப்புக்கொண்டேன். ஆடி பிறந்ததும், சம்பாவுக்கு நாற்றங்கால் போடுவதற்கு முன், இன்ஷா அல்லாஹ் பதிவு நடக்கும். 1448ஆம் ஆண்டுப் பக்கத்தில் அதைக் கடன் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறேன். விளைச்சலுக்கான வரி அதன் கீழே இன்னும் தொகை எழுதப்படாமல் இருக்கிறது.