சான்றிதழ் எங்கே என்று கேட்பவர்களுக்கு



என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுத் திண்ணையில் மேசை போட்டு, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை தொடங்கியிருக்கிறான். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரியும். வாழ்த்தியவர்கள் சிலர். "இவன் எங்கே படிச்சான்? ஒரு டிப்ளமோ கூட இல்லையே!" என்றவர்கள் பலர். இந்தப் பதிவு அந்தப் பலருக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் வண்டியைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்கிடமோ, கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடமோ என்றைக்காவது சான்றிதழ் கேட்டிருக்கிறீர்களா? சென்னை ரிச்சி தெருவில் தொழில் செய்பவர்களில் எத்தனையோ பேர் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். அங்கே வரிசையில் நின்று வேலை வாங்கி வருகிற நாம், உள்ளூர்ப் பையனிடம் மட்டும் பட்டம் கேட்கிறோம்.

என்னிடமும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் இருக்கிறது. அதை மதிக்கிறேன். வகுப்பறைக்குள் நுழையும் உரிமையை அதுதான் தந்தது. ஆனால் பின்வரிசைப் பையனுக்குப் பின்னக் கணக்கைப் புரிய வைப்பது எப்படி என்று அந்தப் பையன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் படிப்புச் சான்று கட்டாயம், அது நியாயம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் பட்டம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து நடக்கிறது, கட்டணம் கிடையாது. அதில் ஆதாரும் பான் எண்ணும் கேட்கிறார்கள், பட்டம் கேட்பதில்லை. அரசே கேட்காததை மாமாவும் சித்தப்பாவும் ஏன் கேட்க வேண்டும்?

அவனிடம் வரும் வேலைகள் என்ன? திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்து மறுபடி பொருத்திப் பார்ப்பான். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரியை மாற்றுவான். சூடேறி நின்றுபோனால் விசிறித் தூசியைத் தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசுவான். ஆமை வேகம் என்றால் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன நடக்கிறது என்று பார், எழுதி வை. எட்டாம் வகுப்பு அறிவியல் சோதனையில் நாம் சொல்லிக் கொடுத்த அதே முறைதான்.

வேலைக்கும் பஞ்சமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய இலவச மடிக்கணினிகள் பரண்களில் தூங்குகின்றன. லினக்ஸ் ஏற்றினால் அவற்றில் சில இன்னும் உழைக்கும்.

பயிற்சி இல்லாதவனால் ஆபத்தே வராது என்று நான் சொல்லவில்லை. வரும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை வாங்கும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். உப்பிப்போன மடிக்கணினி பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். கேட்காமல் பார்மேட் அடித்தால் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் மொத்தமும் போய்விடும். ஆகவே கேள்வி கேளுங்கள், ஆனால் சரியான கேள்வியைக் கேளுங்கள்: "தம்பி, கை வைப்பதற்கு முன் என் கோப்புகளை நகல் எடுப்பாயா? என் படங்களைத் திறந்து பார்க்க மாட்டாயே? திருட்டு விண்டோஸ் போடுவாயா? முடியாவிட்டால் முடியாது என்று சொல்வாயா?" சுவரில் சட்டம் போட்டு மாட்டிய எந்தச் சான்றிதழும் இவற்றுக்குப் பதில் சொல்லாது. அவன் நடத்தைதான் சொல்லும்.

இனி, சொந்தக்காரர்களுக்கு மட்டும். வெளியூர் சர்வீஸ் சென்டரில் கேட்ட காசைப் பேசாமல் கொடுக்கும் நாம், இவனிடம் வந்தால் "நம்ம பையன்தானே, சும்மா பார்த்துக் கொடுப்பா" என்கிறோம். அவன் உங்கள் கம்ப்யூட்டரோடு உட்காரும் இரண்டு மணி நேரம் அவனுடைய கூலி. படிப்பில்லை என்று குறை சொல்வதும் நாம்தான், காசில்லாமல் வேலை வாங்குவதும் நாம்தான். திண்ணைக் கடை ஆறு மாதத்தில் மூடினால், "அப்பவே சொன்னேனே" என்று சொல்லப் போவதும் நாம்தான்.

தம்பி, உனக்கும் ஒன்று. கட்டண விவரத்தை எழுதி வாசலில் மாட்டு. செலவு எவ்வளவு ஆகும் என்று முதலில் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு திருகாணியைக் கழற்று. கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடு. வசதி வரும்போது ஐ.டி.ஐ.யில் ஹார்டுவேர் படிப்பு இருக்கிறது, சேர்ந்து படி. அதுவரை வேலையை நிறுத்தாதே.

மற்றவர்களே, பரணில் கிடப்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். அவனிடம் கொடுங்கள். வேலை சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சரியாக இருந்தால் பேரம் பேசாமல் பணம் கொடுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்