தோலா, துணியா? சொல்லி விற்கட்டும்



ஆம்பூர் காலணித் தொழில் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், தோல் பிடிக்காதவர்கள் வாங்காமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. வாங்காமல் இருக்க, முதலில் எது தோல் என்று தெரிய வேண்டுமே!

புது டிசைன் ஷூ, செருப்பு என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்ட கதையையும், அதற்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததையும் படித்த பிறகு தோல் வாங்குவதில்லை. சேலத்துக் கடையில் "இது தோலா?" என்று கேட்டால், "ஒரிஜினல் லெதர், நம்பி எடுங்க மேடம்" என்று சத்தியம் செய்கிறார்கள். தோல் வேண்டாம் என்றதும் அதே ஜோடி ரெக்சின் ஆகிவிடுகிறது! மேலே வெல்வெட்டும் பாசிமணியும் வைத்துத் தைத்த செருப்பில், பாதம் படும் இடம் மட்டும் ஆட்டுத்தோலாக இருப்பதும் உண்டு. 'வீகன் லெதர்' என்று விலை கூட்டி விற்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சுதான். ஏற்காட்டு ஈரத்துக்கு அது அப்பளமாய்ப் பொரிந்து உரிகிறது. அது தனி வயிற்றெரிச்சல்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994-ஆம் ஆண்டு விதிப்படி, ஷூவின் மேல்பாகம், உள்பாகம், சோல் மூன்றும் எதனால் ஆனவை என்று அதிலேயே குறித்திருக்க வேண்டும். ஆம்பூரிலிருந்து அங்கே ஏற்றுமதியாகும் ஷூக்களுக்கும் அதே விதிதான். உணவுப் பொட்டலத்துக்குப் பச்சைப் புள்ளி வைக்கும் நம் நாட்டில், உள்ளூர்க் காலணிக்கும் இதைக் கட்டாயமாக்கலாம். காலணிகளுக்குத் தர முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனமே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாசகி,
மஞ்சக்குட்டை, ஏற்காடு