புகைத்தலை விட்டபின்

புகைத்தல் கேடு விளைக்குமென நிறுவுதற்கு இக்காலத்திற் கட்டுரை வேண்டியதில்லை. டோல், ஹில் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்குமுள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டிலேயே காட்டினர். பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பதாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, ஐம்பது வயதிற் புகைத்தலை விட்டவரும் ஏறக்குறைய ஆறாண்டு ஆயுளை மீட்டுக்கொள்கின்றனர். விடல் நன்றென்பதில் ஐயமில்லை. விட்டவர் மீண்டுந் தொடாதிருப்பது எங்ஙனம் என்பதே விடை காணாத வினா. ஆராய்ச்சிக்குரிய பொருளும் உழைப்பும் முதற்கண் இவ்வினாவின்பாற் செல்லவேண்டுமென்பது என் கருத்து.

மருந்துகள் இல்லாமலில்லை. நிக்கொட்டீன் கலந்த சுவிங்கமும் ஒட்டுப் பட்டியும் உள்ளன. 2006இல் வறெனிக்கிளின் வந்தது. இவற்றினும் பழையது சைற்றிசின். லபேர்ணம் என்னும் மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் இம்மருந்து பல்கேரியாவில் 1964 முதலே வழங்கி வருகின்றது, விலையும் மலிவு. போலந்தின் வார்சோ நகரில் 740 பேரிடம் இதனைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். மருந்துண்டோருள் நூற்றுக்கு 8.4 பேர் ஓராண்டு புகையாதிருந்தனர். போலி மாத்திரை உண்டோருள் 2.4 பேரே. மும்மடங்கென மகிழலாம். ஆயினும் மருந்துண்டோரிலும் தொண்ணூறு வீதத்துக்கு மேற்பட்டோர் விலகியிருக்க இயலாதவராயினர் என்பதையும் அதே கணக்குத்தான் கூறுகின்றது.

என்னோடு கற்ற நண்பரொருவர் முப்பதாண்டு சுருட்டுப் பிடித்தவர். நெஞ்சு நோவுக்கு அஞ்சி ஒரு தைப்பொங்கலன்று அதனை விட்டார். உறக்கமின்மை, எரிச்சல், ஏக்கம் யாவற்றையும் பொறுத்தார். ஐந்தாம் மாதம் உறவினரொருவரின் மரணவீட்டில், இரவு விழித்திருந்தோர் நடுவே வெற்றிலைத் தட்டம் வந்தது; அதிலே சுருட்டும் இருந்தது. “கை தானாகப் போயிற்று” என்றார். அவரைக் கோழையென ஏசியோருள் யானும் ஒருவன். இன்று அதற்கு நாணுகின்றேன்.

சைற்றிசினை உண்பது வழக்கமாக இருபத்தைந்து நாள். வறெனிக்கிளினைப் பன்னிரண்டு வாரம். மரணவீடோ ஐந்தாம் மாதத்தில் வருகின்றது. வறெனிக்கிளினை மேலும் பன்னிரண்டு வாரம் உண்டோர் ஓரளவு பயன் பெற்றமை சோதனையிற் கண்டதே. ஆனால் ஆசை எழும் வேளைகளை எதிர்கொள்ளப் பயிற்றும் முறைகளாற் பயனுண்டென்று இதுவரை தெளிவாக நிறுவப்படவில்லை. இன்னுமொரு புதிய மருந்தைத் தேடுவதிலும் இக்குறையை ஆராய்தலே முந்தற்பாலது.

சோதனைகளிற் பெரும்பாலானவை சிகரெட்டுப் புகைப்போரிடமே நிகழ்ந்தவை. சுருட்டுப் பிடிப்போருக்கும், வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோருக்கும் அதே அளவு, அதே காலம் பொருந்துமா? புகையிலை விளையும் நம் மண்ணிலன்றி வேறெங்கு இதனை வினவுவது? எங்கள் வீட்டிற் கல்விச் செலவும் புகையிலைத் தோட்டத்திலிருந்தே வந்தது. ஆதலின் அச்செடியை வசைபாட எனக்கு உரிமை குறைவு. கடன் மிகுதி.

நம் பழைய மாணவருள் வைத்தியராயிருப்போர் பலர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாரோடு கூடி, கிராம வைத்தியசாலைகளிற் சுருட்டை விட முயல்வோரை இரண்டாண்டு தொடர்ந்து நோக்குவார்களாக. எத்தனை பேர் விட்டனர் என்பதோடு ஏட்டை மூடாது, மீண்டுந் தொட்டவர் எந்த நாளில், எந்த இடத்தில், யார் நீட்டியதைத் தொட்டனர் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.