பிழை அலுவலகத்துடையது, பிடித்தம் ஊழியரிடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சம்பளத்தைத் தவறாகக் கணக்கிட்டுக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, ஓய்வுபெற்றபின் திருப்பிக் கேட்பது நியாயமல்ல. ரஃபிக் மசீ வழக்கில் 18.12.2014 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்றோரிடமும் மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடமும் இத்தகைய பிடித்தம் கூடாதென்றது. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து தரப்பட்டிருந்தாலும் கூடாது. மக்களின் வரிப்பணமாயிற்றே என்பார்கள்; 2012இல் சண்டி பிரசாத் உனியால் தீர்ப்பு அப்படித்தான் சொன்னது. ஏமாற்றி வாங்கியவரிடம் வசூலிக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டது அலுவலகம், சரிபார்க்க வேண்டியதும் அதுவே. வந்த சம்பளமோ அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் என்றோ செலவாகிவிட்டது.

கவலை தருவது 2016இன் ஜெகதேவ் சிங் தீர்ப்பு: கூடுதல் தொகையைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு, ஓய்வுபெற்றிருந்தாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஊதிய நிர்ணயத்தின்போது நீட்டப்படும் அந்தத் தாளின் பொருளைக் காரைக்கால் அரசு அலுவலகங்கள் ஊழியருக்கு விளக்கிய பிறகே கையெழுத்து வாங்கும்படி புதுச்சேரி அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்கால்