இறால் ஓடு முழங்காலைக் காக்குமா?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் நமக்கு இறாலும் நண்டும் புதியவை அல்ல. ஓட்டை உரித்து எறிந்துவிடுகிறோம். அந்த ஓடுகளிலுள்ள கைற்றின் என்ற பொருளிலிருந்து செய்யப்படும் குளுக்கோசமைன், மூட்டு வலிக்கு நல்லது என்ற பெயரோடு போத்தலில் அடைபட்டு மருந்தகத்துக்கு வருகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் உம்மாமாருக்கு அன்போடு வாங்கி அனுப்புவதும் உண்டு. அந்த மாத்திரை உண்மையில் பலன் தருகிறதா என்று கேட்பதும் அன்புதான்.

குளுக்கோசமைன் நம் உடலிலும் இருக்கிறது. எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையம் உருவாக அது தேவை. ஆகவே அதை உட்கொண்டால் தேய்ந்த கசியிழையம் வளரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க, அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்வுள்ள 1,583 பேரிடம் ஆய்வு நடந்தது. முடிவு 2006 இல் வெளியானது. ஆறு மாதத்தின் பின், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு வலி குறைந்திருந்தது. குளுக்கோசமைன் எடுத்தவர்களில் 64 பேருக்குக் குறைந்திருந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. வலி கூடிய சிறு பிரிவினருக்கு மட்டும், கொண்ட்ரோயிற்றினும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. ஆனாலும் 2019 இல் அமெரிக்க வாதவியல் கல்லூரி, முழங்கால் தேய்வுக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்று உறுதியாகவே பரிந்துரைத்தது.

"எனக்குச் சுகமாக இருக்கிறதே" என்று சொல்லும் மூத்தம்மா பொய் சொல்லவில்லை. போலி மாத்திரையிலும் 60 பேர் சுகம் கண்டார்களே! மூட்டு வலி தானாகவே கூடும், தானாகவே குறையும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. இறால், நண்டு ஒவ்வாதவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மாத்திரைக் கூட்டின் ஜெலற்றின் ஹலாலானதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வழி என்ன? அதே கல்லூரி உறுதியாகப் பரிந்துரைப்பவை உடற்பயிற்சி, கூடிய எடையைக் குறைத்தல், தேவையானோருக்கு ஊன்றுகோல் ஆகியவை. அரச வைத்தியசாலையில் வைத்திய ஆலோசனை இலவசம். ஆனால் வீட்டு வேலைக்கே நாள் முழுவதும் போய்விடும் உம்மாவுக்கு, பயிற்சி செய்ய நேரத்தை யார் கொடுப்பது?

சகோதரிகளே, அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். சமையலில் பாதியை நாம் ஏற்போம். சுபஹுக்குப் பின் அரை மணி நேரம் உம்மாவோடு சேர்ந்து நடப்போம். நாற்காலியிலிருந்து தொழும் நம் தாய்மாருக்கு, போத்தலை விட அந்த அரை மணி நேரமே கூடுதலாக உதவும்.